உன் அப்பா நெஞ்சும் நம் ஊர் கரண்டும்

தம்பிக்கு அம்மா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை வேகமாக ஓட்டிக் கேட்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். நான் பேசி முடிக்க எடுத்த நேரத்துக்குள் உன்னிடமிருந்து "சரிம்மா, பாத்துக்கலாம்" என்று பதில் வந்துவிடுகிறதே, எப்படி வருகிறது? கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். அடுத்த வாரம் நீ சிங்கப்பூரிலிருந்து வருகிறாய், வந்ததும் நம் நிலத்தைப் பக்கத்து வயல் கோவிந்தராசுவிடம் குத்தகைக்குப் பேசி முடித்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலே ஒரு பிளாட்டில் கொண்டுபோய் வைக்கப் போகிறாய். "முடிவு பண்ணிட்டேம்மா" என்றாய். நீ முடிவு பண்ணுவதற்கு முன்னால் இங்கே என்னென்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. உன் அப்பா சொல்ல மாட்டார். அதனால்தான் நான் பேனாவை எடுத்தேன்.

தை அறுவடையில் அப்பா வயலில் சரிந்து விழுந்தது உனக்குத் தெரியும். அறுப்பு மிஷின்காரனிடம் வரப்போரம் கதிர் நிற்கிறது என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர், நீட்டிய கையோடு நெல் மூட்டை சரிகிற மாதிரி சரிந்தார். நன்னிலத்தில் முதலுதவி பண்ணி தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா, இருதயத்துக்குள் தானாக ஓடவேண்டிய கரண்ட் சரியாக ஓடவில்லை, துடிப்பு விட்டு விட்டு வருகிறது, ஒரு சின்ன மெஷினை இடது பக்கத் தோளுக்குக் கீழே தோலுக்கடியில் வைத்தால் அது தூண்டிவிட்டுத் துடிக்க வைக்கும் என்றார். உயிர் போகிற நிலையில் படுத்திருந்த உன் அப்பா அதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப மோட்டாருக்கு மாதிரி நமக்கும் ஸ்டார்ட்டர் மாட்டப் போறீங்கன்னு சொல்லுங்க" என்றார். அப்புறம் பேட்டரி எத்தனை வருஷம் வரும், சர்வீசுக்கு யாரைக் கூப்பிடுவது, மழையில் நனையலாமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். "உள்ளதானேங்க இருக்கு, எப்படி நனையும்?" என்று டாக்டரம்மா கேட்டதும்தான் விட்டார். நீ அடித்துப் பிடித்து வந்து ஆபரேஷன் அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எனக்குத் தைரியம் சொன்னாய். உன் கைதான் என் கையைவிடச் சில்லிட்டிருந்தது.

தையல் ஆறியதும் நீ கிளம்பினாய். கிளம்புகிற அன்றைக்கு அப்பாவுக்கு ஒரு புது போன் வாங்கிக் கொடுத்தாய். பழுப்புத் தோல் உறை, புத்தகம் மாதிரி திறந்து மூடுகிறது, மூடினால் தானாக 'டப்' என்று ஒட்டிக்கொள்கிறது. அதை அப்பா சட்டைப் பையில் நீயே வைத்து, "எங்க போனாலும் இத விட்டுட்டுப் போவாதீங்கப்பா" என்று சொன்னாய். நான் சொல்லி ஒரு காரியத்தைக்கூட ஒழுங்காகச் செய்யாத மனுஷன், நீ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சட்டை போட்டால் போன் பையில் இருக்கும். அதுவரைக்கும் எல்லாம் சரி.

அப்புறம்தான் உன் உபதேசம் வர ஆரம்பித்தது. குறைந்த அதிர்வெண் காந்தப்புலம். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதோடு நின்றவள் நான், இந்த வார்த்தையை இன்றைக்கு மூச்சு விடாமல் சொல்லுவேன், அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கரண்ட் ஓடுகிற கம்பியைச் சுற்றி, மோட்டாரைச் சுற்றி, அடுப்பைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத காந்த விசை இருக்கும், அது நெஞ்சுக்குள் இருக்கிற மெஷினைக் குழப்பும் என்று ஒரு நாளைக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் பேசினது ஒன்று, நம் ஊர் ஆள் சிவப்பு அம்புக்குறி போட்டு விளக்கினது ஒன்று, பின்னால் பயங்கரமாக சங்கீதம் போட்டது ஒன்று. அந்த சங்கீதத்திலேயே உன் அப்பாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

வீட்டுக்குள் சட்டம் போட்டார். இன்டக்‌ஷன் அடுப்பு கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. மிக்சி போடவேண்டும் என்றால் அவர் எழுந்து தெருவுக்குப் போய், பிள்ளையார் கோயில் வரைக்கும் நடந்து, அங்கே நின்றுகொண்டு "இப்பப் போடு!" என்று குரல் கொடுப்பார். நான் அரைத்து முடித்து "ஆயிடிச்சு, வாங்க!" என்று கத்தவேண்டும். எங்கள் வீட்டில் இன்றைக்குத் தேங்காய்ச் சட்னியா, காரச் சட்னியா என்பது தெருவுக்கே தெரிந்துபோனது. பேன் வேண்டாம் என்று சித்திரை வெயிலில் விசிறியை வைத்துக்கொண்டு படுத்தார். டிவியை வாசல்படியிலிருந்து பார்த்தார், எழுத்து தெரியவில்லை என்று கீழே ஓடுகிற செய்தியை என்னைப் படிக்கச் சொன்னார். ஊர் முனையில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே, அதைத் தாண்டாமல் கடைத்தெருவுக்குப் போகச் சுடுகாட்டுப் பாதைதான் இருக்கிறது. தினமும் காலையில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக அந்தப் பக்கமிருந்து இவர் வருவதைப் பார்த்து, "யாருங்க தவறிட்டது?" என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் மாலையே வாங்கிவிட்டார்.

மோட்டார்தான் பெரிய சங்கடம். நம் வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வந்தாலும் நம் மடைக்கு வந்து சேருவதற்குள் ஆடி பாதி போய்விடும். குறுவைக்கு நாற்று விட்டதிலிருந்து நம் போர் மோட்டார்தான் கதி. கொட்டகைக்குள் போகமாட்டேன் என்று அப்பா தென்னைமரத்தடியில் நின்றுவிட்டார். நான் உள்ளே, அவர் வெளியே. "மேல பாரு, மூணு லைட்டும் எரியிதா?" என்பார். "எரியிது." "பச்சைய அமுக்கு. அமுக்கிட்டுக் கைய எடு. கைய எடுன்னா உடனே எடுக்காத!" இந்த வயசுக்கு மேல் ஒருத்திக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் கற்றுக்கொண்டேன். இப்போது கொட்டகை வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே தண்ணீர் எடுக்கிறதா, வெறுமனே சுற்றுகிறதா என்று சொல்லிவிடுவேன்.

இதற்குள் ஊரில் வேறு ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கரண்ட் அப்பா நெஞ்சை என்ன செய்யும் என்று நாம் பயந்துகொண்டிருக்க, அப்பா நெஞ்சு ஊர்க் கரண்டை என்ன செய்யும் என்று அவர்கள் பயப்பட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் இவர் மறதியாக டிரான்ஸ்பார்மர் பக்கம் போய்விட்டார், அந்த நேரம் பார்த்து மோட்டார் ஓடுகிற த்ரீ பேஸ் கரண்ட் போய்விட்டது. நம் ஊரில் த்ரீ பேஸ் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமா, காக்கா உட்கார்ந்தால் போகும். ஆனால் பக்கத்து வயல் கோவிந்தராசு அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே, "தப்பா நெனைக்காதீங்கண்ணே. என் நாத்தங்காலுக்குத் தண்ணி பாயிற நேரம் மட்டும் அந்தப் பக்கம் வராம இருந்தீங்கன்னா புண்ணியமாப் போவும். உங்க டப்பா பேஸை இழுக்குதுங்கறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அடுப்படிக்கு ஓடிவிட்டேன். லைன்மேன் தம்பி வந்து, "பெரியவரு உடம்புல இருக்கறது கடிகார பேட்டரி கணக்கா சின்னதுங்க, அது எப்படி டிரான்ஸ்பார்மர இழுக்கும்?" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. அதைவிட வேடிக்கை, உன் அப்பாவுக்கே உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. கரண்ட் போகும்போதெல்லாம் "நான் வீட்லதானே இருக்கேன்?" என்று சந்தேகமாக என்னைப் பார்ப்பார்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அது சிரிப்பாகவே போகவில்லை. வைகாசியில் கோவிந்தராசு பெண்ணுக்கு மயிலாடுதுறையில் கல்யாணம். மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் உயரம் ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒன்று, பின்னால் ஜெனரேட்டர். முன்வரிசையில் உட்கார்ந்து, முகூர்த்த நேரத்தில் எழுந்து அட்சதை போட்டே பழகினவர், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பட்டுச் சட்டையும் தோளில் துண்டுமாக அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாரே என்று மாப்பிள்ளை வீட்டார் இவரைச் சமையல் கான்டிராக்டர் என்று நினைத்துவிட்டார்கள். "பந்தியில ரசம் வரலைங்க, கொஞ்சம் பாருங்க" என்று ஒருவர் அதட்டினார். உன் அப்பா எழுந்துபோய் ரசம் வாங்கி அனுப்பிவிட்டு வந்தார். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தும் அன்றைக்கு அவருக்குப் படபடவென்று வந்து தலை சுற்றிவிட்டது. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தம்பி சொல்ற மாதிரி குத்தகைக்கு விட்டுடலாம்" என்றார். அந்த மனுஷன் நிலத்தை விடுகிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காசு இல்லாதபோதும் சொன்னதில்லை, மழை அடித்துக்கொண்டு போனபோதும் சொன்னதில்லை.

அந்தத் தலைசுற்றல்தான் எங்கள் எல்லாரையும் ஏமாற்றியது. வீட்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. வெளியே போனால் வருகிறது. கடைத்தெருவுக்குப் போனால் வருகிறது, வங்கிக்குப் போனால் வருகிறது, கல்யாணத்துக்குப் போனால் வருகிறது. வெளியே என்ன இருக்கிறது? கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர். நீ அங்கிருந்து சொன்னது அப்படியே சரியாகப் பொருந்திவிட்டது. "நான் சொன்னேன்ல" என்றாய். நானும் நம்பினேன். படித்த பிள்ளை சொல்கிறான், புருஷனுக்கு மயக்கம் வருகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனியில் தஞ்சாவூருக்குச் செக்கப்புக்குப் போனோம். சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்து, கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் பார்த்துவிட்டு, "மெஷின் ஜோரா இருக்கு" என்றார் டாக்டரம்மா. உன் அப்பா விடவில்லை. வெளியே போனால் வருகிற மயக்கத்தைப் பற்றி, நன்னிலம் தாலுகாவில் இருக்கிற கம்பம் எல்லாவற்றையும் பெயர் சொல்லாத குறையாக விவரித்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இவர் பேசிக்கொண்டே சட்டையை மாட்டி, பித்தானைப் போட்டு, மேஜையிலிருந்த போனை எடுத்துப் பையில் வைத்தார். 'டப்' என்றது. கொஞ்ச நேரத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ பாருங்க, இப்பக்கூட ஒரு மாதிரி வருது" என்றார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இங்க ஏதுங்க டிரான்ஸ்பார்மர்? அந்தப் பையில வச்சத எடுங்க."

வாங்கி, மேஜை மேல் சிதறிக் கிடந்த குண்டூசி, கிளிப்புகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அத்தனையும் ஓடிவந்து உன் போன் உறையில் ஒட்டிக்கொண்டன, தம்பி. அந்த உறையின் மூடி தானாக ஒட்டிக்கொள்வதற்காக ஓரத்தில் ஒரு காந்தம் வைத்திருக்கிறார்கள். உன் அப்பா சட்டைப் பை எல்லாரையும்போல இடது பக்கம். உள்ளே டப்பாவும் இடது பக்கம். பாக்கெட்டைக் கொஞ்சம் மேலே வைத்துத் தைக்கச் சொல்லி வாங்குவது அவர் வழக்கம், குனிந்து நாற்றுக் கட்டு தூக்கினால் பையில் இருப்பது சேற்றில் விழக்கூடாது என்று. காந்தம் ஒட்டினாற்போல் மேலே வந்து உட்கார்ந்துகொண்டால், இந்த மெஷின் அவர் நெஞ்சு என்ன துடிக்கிறது என்று கேட்காமல் தன் பாட்டுக்கு ஒரே கணக்காக அடித்துக்கொண்டிருக்குமாம், எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமாம். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சிலருக்குப் படபடப்பும் கிறுகிறுப்பும் வரும் என்றார் டாக்டரம்மா. இப்போது புரிகிறதா? வீட்டில் அவர் என்றைக்குச் சட்டை போட்டார்? துண்டுதான். சட்டை போட்டால் வெளியே கிளம்புகிறார் என்று அர்த்தம். வீட்டில் நன்றாக இருக்கிறது, வெளியே போனால் வருகிறது என்று நாம் ஊர்க் கம்பத்தையெல்லாம் சந்தேகப்பட்டோம். குற்றவாளி சட்டைப் பையில் சொகுசாக உட்கார்ந்திருந்தான், அதுவும் உன் செலவில்.

உன்னைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு உன் அப்பா உன்னை விட்டுக்கொடுக்கவே இல்லை. "பையன் ஆசையா வாங்கிக் குடுத்ததுங்க, நல்ல போனு" என்றார் டாக்டரம்மாவிடம், ஏதோ அவர் உன்னைத் திட்டிவிடப் போகிறார் என்பது மாதிரி. "போன் நல்ல போனுதான். உறையக் கழட்டிடுங்க. போனையும் இனிமே வலது பக்கம் வைங்க, வலது காதுலயே பேசுங்க" என்றார் அந்தம்மா. அப்புறம் உன் அப்பா தன் சந்தேகங்களைக் கேட்க ஆரம்பித்தார். வெளியே காத்திருந்த ஜனங்கள் சபித்திருப்பார்கள். மோட்டார்? கை நீட்டுகிற தூரத்தில் நின்று தாராளமாகப் போடலாம், ஓடுகிற மோட்டார் மேல் நெஞ்சை வைத்துச் சாயக்கூடாது. மிக்சி? அரைக்கலாம். இன்டக்‌ஷன் அடுப்பு? மேலே கவிழ்ந்துகொண்டு நிற்காமல் தள்ளி நிற்கவேண்டும். வயல் மேலே போகிற பெரிய கம்பி? கீழே நின்று வேலை பார்க்கலாம். வெல்டிங் பட்டறை பக்கம் மட்டும் போகாதீர்கள். "ரைஸ் மில்லு?" போகலாம், மிஷினைக் கட்டிப் பிடிக்காமல் இருந்தால் சரி. "கோயில்ல மோட்டார்ல அடிக்கிற மேளம்?" சாமி கும்பிடலாம். "ஓட்டுப் போடுற மெஷின்?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். "அது உங்க நெஞ்சுக்கு ஒன்னும் பண்ணாது. அப்பறம் வர்ற ரிசல்ட்டுக்கு நான் பொறுப்பில்ல."

ஊருக்கு வந்ததும் எல்லாச் சட்டையையும் தையல்காரரிடம் கொடுத்து, பையைப் பிரித்து வலது பக்கம் வைத்துத் தைத்து வாங்கினேன். எதிரே வருகிறவர்கள் இப்போதும் ஒரு நொடி குழம்பி, சட்டையை உள்பக்கம் வெளியே போட்டிருக்கிறாரோ என்று பார்க்கிறார்கள். தலைசுற்றல் போயே போய்விட்டது. உன்னிடம் போனில் சொன்னேன். "இருந்தாலும் மோட்டார் ரிஸ்க்குதாம்மா, பிளாட்டுக்கு வந்துடுங்க" என்றாய். நீ அனுப்பிய அந்த பிளாட் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன், தம்பி. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே அந்தக் கட்டடத்தின் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. நம் ஊர் டிரான்ஸ்பார்மரைவிடப் பெரிசு.

ஆனால் பிரச்சினை உன்னிடம் மட்டும் இல்லை. டாக்டரம்மா சொன்னது உன் அப்பா காதுக்குப் போயிற்று, காலுக்குப் போகவில்லை. எல்லாம் தெரிந்தும் தென்னைமரத்தடியிலேயே நின்றார். மிக்சி சத்தம் கேட்டால் செருப்பைத் தேடினார். மாசக்கணக்கில் பயந்த உடம்புக்கு, இனிமேல் பயப்படாதே என்று ஒரு வார்த்தையில் சொன்னால் புரியவா செய்யும்? குத்தகைப் பேச்சை எடுத்தால் "தம்பி வரட்டும்" என்பார். ஒரு நாள் நான் கோபமாக, "உங்களுக்கு மனசு இல்லைன்னு அவன்கிட்ட வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றேன். "நான் சொல்ல மாட்டேன். அவன் அங்க தூங்காமக் கெடக்குறான். நான் அந்த பிளாட்டுல இருந்தாதான் அவனுக்குத் தூக்கம் வரும்னா இருந்துட்டுப் போறேன்" என்றார். நீ அவருக்காக எங்களை அழைத்துப் போக நினைக்கிறாய். அவர் உனக்காக வரச் சம்மதிக்கிறார். நடுவில் ஒருத்தருக்கும் பிடிக்காத ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் போய்விட்டது.

போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். வாய்க்காலில் இன்னும் நம் முறை வரவில்லை, பயிர் தூர் கட்டுகிற நேரம், வயல் வெடிப்பு விடத் தொடங்கிவிட்டது. காலையில் த்ரீ பேஸ் வந்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். "என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியலங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கரண்ட் போய்விடும் என்று கடிகாரத்தைப் பார்த்தார். "யாரையாவது அனுப்பட்டுமா?" என்றார். "எல்லாரும் அவங்கவங்க மோட்டாருக்குத்தான் ஓடுவாங்க" என்றேன். வேறு வழியில்லாமல் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனதும் நான் எழுந்து, சுற்றுப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போய், நம் வாழைக்கொல்லைக்குள் நின்றுகொண்டேன். முழங்கால் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது, அது வேறு விஷயம்.

கொட்டகை வாசலில் அவர் வெகு நேரம் நின்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார், பின்வாங்கினார். மறுபடியும் போய், உடம்பை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் எட்டுமட்டும் நீட்டி, வாணக்காரர் அதிர்வேட்டுக்கு நெருப்பு வைக்கிற மாதிரி பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. நான் என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன், அவர் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றார். ஒன்றும் ஆகவில்லை. குழாயில் முதலில் காற்று இருமி, அப்புறம் தண்ணீர் கொட்டியது. அவர் கையை நெஞ்சிலிருந்து எடுத்து அந்தத் தண்ணீரில் வைத்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கூடவே வரப்பில் நடந்தார், மடையைத் திறந்தார், ஒரு இடத்தில் குனிந்து பயிரைப் பிரித்துத் தூரை எண்ணினார். திடீரென்று நிமிர்ந்து, "யோவ் கோவிந்தராசு! எங்க வரப்பச் சீவி உன் பக்கம் சேத்துக்கிட்டியா? நான் செத்தா போயிட்டேன்?" என்று ஒரு அதட்டல் போட்டார் பார், நாலு வயல் தாண்டிக் கொக்கு பறந்தது. தையிலிருந்து அந்தக் குரலை நான் கேட்கவில்லை, தம்பி. வாழைக்கொல்லைக்குள் நின்றுகொண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். கோவிந்தராசுவும் திட்டு வாங்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, "இல்லண்ணே, இல்லண்ணே, இப்பவே கட்டிடறேன்" என்று மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். நம்மிடம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிற மனுஷன்தான் அவர்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. விடியற்காலையில் எழுந்ததும் அவர் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் தலையை முடிகிறேன். உள்ளே ஒரு மெஷின் இருந்தால்தான் என் புருஷன் இருப்பார் என்பதை மறந்து ஒரு நாளும் இருந்ததில்லை. நீ தூரத்தில் இருக்கிறாய், ஓடிவரக் கை கால் எட்டாது, அதனால் வீடியோ அனுப்புகிறாய், பிளாட் பார்க்கிறாய். அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆபத்தே வராத இடமாகத் தேடித் தேடி ஒரு மனுஷனை உட்கார வைத்தால், அவர் அங்கே பத்திரமாக இருப்பார், அவராக இருக்க மாட்டார். மாசக்கணக்கில் அப்படி ஒருத்தரோடு இந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டாக்டரம்மா எதைச் செய்யாதே என்றாரோ அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். மற்றதை அவர் செய்யட்டும்.

நீ வா. டிக்கெட்டை மாற்றாதே, அட்வான்ஸ் போனால் போகட்டும். உன்னிடம் அவர் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நீயும் அதற்காகக் காத்திருக்காதே. உட்கார்ந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்காதே, "ம், இருக்கு" என்று தரையைப் பார்ப்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். பயிர் எப்படிப்பா இருக்கிறது என்று கேள். அவர் உன்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போவார், வரப்பில் உனக்கு முன்னால் நடப்பார். பின்னாலேயே போ. அதற்கப்புறமும் அவரைப் பிளாட்டில் வைக்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல், நான் மூட்டை கட்டுகிறேன்.

அம்மா